பந்தக்கால் நட்ட பிறகு பாலம் தாண்டினேன்

பந்தக்கால் நட்டுவிட்டால், கல்யாணம் முடியும்வரை பெண்ணையோ பிள்ளையையோ பெற்ற அம்மா ஆறு தாண்டக் கூடாது. இது எங்கள் வீட்டு வழக்கம். இருப்பதோ ஸ்ரீரங்கம். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். என் பெண்ணுக்குப் பந்தக்கால் நட்டபோது நானும் சரியென்று தலையாட்டினேன். வேண்டியதெல்லாம் இந்தக் கரையிலேயே கிடைக்கிறதே, அப்புறம் என்ன?

மறுநாள் குளிக்கும்போது இடது மார்பில், அக்குளை ஒட்டி, ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. ஊறிய கொண்டைக்கடலை அளவுதான். அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. ஈரத்தலையோடு தெருமுனை டாக்டரம்மாவிடம் போனேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, உடனே காவிரிக்கு அந்தப் பக்கம் டவுனுக்குப் போய் மார்பை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

என் கணவர் எதையும் அக்காவைக் கேட்காமல் செய்ய மாட்டார். அடுத்த தெருவிலிருந்து நாத்தனார் வந்து சேர்ந்தார். வலியில்லை என்றால் ஒன்றும் இருக்காது, கல்யாணம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

கல்யாணம் முடியட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அப்புறம் மறுவீடு வரும். தாலி பிரித்துக் கோர்ப்பது வரும். ஆடிச் சீர், தலை தீபாவளி என்று வந்துகொண்டே இருக்கும். இந்த வீட்டில் என் உடம்புக்கென்று ஒரு நல்ல நாள் என்றைக்காவது வந்திருக்கிறதா? எனக்குச் சுர்ரென்று ஏறியது. புடவையை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நாத்தனார் பந்தக்கால் பக்கத்தில் வழிமறித்து நின்றார்.

"பொண்ணு வாழ்க்கையில விளையாடாத. ஏதாவது ஆச்சுன்னா உன் தலையிலதான் விடியும்."

"பொண்ணுக்கு அம்மா வேணுமா, பந்தக்கால் வேணுமாங்க அண்ணி?"

அவர் நகரவில்லை. நான்தான் சுற்றிக்கொண்டு போய், டவுனில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ்ஸில் ஏறினேன். வீறாப்பாகக் கிளம்பிவிட்டேனே தவிர, பாலத்தில் பஸ் ஏறியதும் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மலைக்கோட்டை இருந்த இடத்தில்தான் இருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். கேன்சர். ஆனால் சின்னது, எங்கும் பரவவில்லை. சீக்கிரம் வந்ததால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன் என்றார் பெரிய டாக்டர். கல்யாணத்தை நடத்திவிட்டு மறுநாளே வந்து படுக்க வேண்டும், அதற்குமேல் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்றும் கறாராகச் சொன்னார். கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. மறுநாள் எல்லோரும் மறுவீட்டுக்கு வேன் ஏறினார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறினேன்.

ஆபரேஷன் ஆயிற்று. மருந்து ஏற்றியதில் முடியெல்லாம் கொட்டிப்போனது. சமயபுரத்தாளுக்கு வேண்டுதல், மொட்டை போட்டிருக்கிறாள் என்று நாத்தனார் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கேன்சர் என்றால் குடும்பத்துக்கு அசிங்கமாம். காய்கறிக் கடையில் ஒரு அம்மா, சமயபுரத்துக்கு எப்போது போனீர்கள் என்று கேட்டார்.

"போகலைங்க. மார்புல கேன்சர். மருந்துல முடி கொட்டிருச்சு. நீங்க உங்க மார்பைத் தொட்டுப் பாத்திருக்கீங்களா?"

அந்த அம்மா கத்தரிக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டார். எனக்கென்ன வெட்கம்? நான் என்ன திருடினேனா? அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதே பதில்தான். நாத்தனார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நிம்மதியாக இருந்தது என்றே சொல்வேன்.

முடி வளர்ந்து, பின்னல் போடும் அளவுக்கு வந்த பிறகு, அவர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பந்தக்காலுக்கு முறையாக அழைப்பு வந்தது, போனேன். பால் ஊற்றி, மஞ்சள் குங்குமம் வைத்து, கால் நட்டார்கள். பெண்கள் சாப்பிட உட்கார்ந்தபோது நாத்தனார் என் கையைப் பிடித்துப் பின்கட்டு அறைக்கு இழுத்துப் போய்க் கதவைத் தாழிட்டார். என் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்தார்.

என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் அவர்மேல் வைத்திருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"வலிக்கவே இல்லடி," என்றார்.

"எனக்கும் வலிக்கலைங்க அண்ணி."

வெளியே யாரோ கல்யாண வீட்டு அம்மாவைத் தேடிக் கூப்பிட்டார்கள். நாத்தனார் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"அன்னைக்கு நீ எந்த பஸ்ல போன?"

"வாங்க, கூட்டிட்டுப் போறேன்," என்றேன். ஈரம் காயாத பந்தக்காலைச் சுற்றிக்கொண்டு இருவரும் தெருவில் இறங்கினோம்.