சமாதானத்துக்கு ஒரு பூசணிக்காய்

நாங்கள் வங்காளத்தில் இருந்த எழுபதுகளின் தொடக்கத்தில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் சந்துக்கும் பக்கத்துச் சந்துக்கும் ஓயாத சண்டை. வேறு வேறு கட்சிப் பையன்கள், கையில் நாட்டு வெடிகுண்டு. அந்த வருஷம் துர்கா பூஜைக்கு முன்பு, இரண்டு சந்தும் சேரும் முக்குக்குச் சற்று உள்ளே இருந்த அப்பாவின் இட்லிக் கடையில் உட்கார்ந்து சமாதானம் பேசினார்கள். எதையும் கையில் ஏந்திக்கொண்டு யாரும் முக்குக்கு வரக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். அதை நம்பித்தான் எங்கள் மாடிவீட்டு வங்காளி அம்மாள் மாஷிமாவின் மகன் பல மாதத் தலைமறைவுக்குப் பின் வீடு திரும்பியிருந்தான். மாஷிமா அவனுக்குத் தோசை வாங்க வரும்போதெல்லாம் அப்பா ஒன்றைக் கூடுதலாக வைப்பார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார். மூக்குக்கு மேல் கோபம் வரும் மனுஷன், பாசத்தையும் அப்படித்தான் காட்டுவார்.

நவமியன்று எங்களுக்கு ஆயுத பூஜை. பூசணிக்காயைக் குடைந்து, குங்குமம் நிரப்பி, மேலே கற்பூரம் ஏற்றிக் கடையைச் சுற்றினார் அப்பா. உடைக்க முக்குக்குத்தானே போக வேண்டும்? ஒப்பந்தம் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

அந்தி நேரம். சண்டையில் உடைந்த தெருவிளக்கை இன்னும் மாற்றவில்லை. இருட்டில் உருண்டையாக ஒன்று, உச்சியில் தீயோடு, அப்பாவின் கையில் தலைக்கு மேலே உயர்ந்தது.

“பெடோ! பெடோ!” என்று அடுத்த சந்தில் கூச்சல். வெடிகுண்டுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. தடிகளோடு ஓடி வந்தார்கள். சத்தம் கேட்டு மாஷிமாவின் மகனும் மாடியிலிருந்து பாய்ந்து இறங்கினான். அவன் கை இடுப்பில் செருகியிருந்ததை நோக்கிப் போனது.

பயத்தில் அப்பாவுக்கு வங்காளம் மறந்தே போயிற்று. “எலே, பூசணிக்காய்லே! வெறும் பூசணிக்காய்!” என்று கத்தினார்.

மகன் பின்னாலேயே ஓடி வந்த மாஷிமா இரு தரப்புக்கும் நடுவே நின்று பார்த்தாள். “ஓரே பாபா, சால்கும்ரோ!” என்று பூசணிக்காயை அவர்கள் பாஷையில் சொன்னாள். காலையில் அவர்களுடைய பூஜைப் பந்தலிலும் ஆட்டுக்குப் பதிலாக இதே காயைத்தான் வெட்டியிருந்தார்கள். தடியோடு நின்றவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அப்பாவுக்கு உடனே கோபம் திரும்பியது. “சிரிக்கியா? இந்தா, நீயே உடை!” என்று காயை அவன் கையில் திணித்தார். அவன் மாஷிமாவின் மகனைப் பார்த்தான். இடுப்பிலிருந்து கை கீழே இறங்கும் வரை காத்திருந்து, பிறகு ஓங்கித் தரையில் போட்டான்.

மறுநாள் காலையில் மாஷிமா கடைக்கு வந்தாள். “அண்ணா, இதை இனி எப்போது உடைப்பீர்கள்?” என்று வங்காளத்தில் கேட்டாள்.

“அடுத்த வருஷம்தான்” என்று சொல்ல வாயெடுத்த அப்பா, அவள் கண் மாடியில் மகன் இருந்த பக்கம் போவதைப் பார்த்தார்.

“அமாவாசைக்கு அமாவாசை” என்றார்.




அப்படி ஒரு வழக்கம் அதுவரை எங்கள் கடையில் இருந்ததில்லை. அவள் மகன் வேலை கிடைத்து வெளியூர் போகும்வரை ஒரு அமாவாசைகூடத் தவறவிடவில்லை அப்பா. ஒவ்வொரு முறையும் உடைக்க அடுத்த சந்துக்காரனைத்தான் கூப்பிடுவார்.