நான் ஓட்டினால் மட்டும் எரிந்த விளக்குகள்

முதல் தடவை அது நடந்தது குன்றக்குடி தாண்டி நாச்சியாபுரம் போகிற ரோட்டில். எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கி, மறுபடி ரோட்டில் ஏற ஸ்டியரிங்கைத் திருப்பினேன். மீட்டரில் விளக்குகள் மொத்தமாக எரிந்தன. பிரேக் படம், ஸ்டியரிங் படம், காற்றுப்பை படம், இன்னும் எனக்கு அர்த்தம் தெரியாத இரண்டு மூன்று. மஞ்சளும் சிவப்புமாய், ஏதோ கோவில் விசேஷத்துக்கு சீரியல் செட் போட்ட மாதிரி. கையில் ஸ்டியரிங் ஒரு கணம் இறுகிப்போய்ப் பிறகு இளகியது.

ஓரமாக நிறுத்தி, வண்டியை அணைத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுபடி சாவியைத் திருப்பினால் ஒரு விளக்கும் இல்லை.

அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் லேப் டெக்னீஷியன். நாற்பது வயதுக்கு மேல்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இரண்டு பஸ் மாறிப் போய் வந்த அலுப்பில், காரைக்குடியில் எங்களுக்கு அடுத்த தெருவிலிருந்து இந்த வண்டியை வாங்கினோம். விற்றவர் என் வீட்டுக்காரரோடு ஒன்றாகப் படித்தவர், வளைகுடா நாட்டில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை வரும்போது மட்டும் ஓட்டுவார். அவர் மனைவிக்கு ஓட்டத் தெரியாது, அதனால் வண்டி சும்மாவே நிற்கிறது, புது வண்டி மாதிரி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு என்னையும் உட்காரவைத்து, கோவிலூர் வரை ஒரு ஓட்டு ஓட்டினார். கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்று முகத்தில் அடிக்க, நிம்மதியாக ஓட்டினார். ஒன்றும் எரியவில்லை.

"எங்க எரியுது? காட்டு."

"நேத்து எரிஞ்சுச்சு."

"எனக்கு எரியல. உனக்குத்தான் எரியுது. அப்ப கோளாறு வண்டியில இல்ல, ஓட்டுற ஆள்லதான் இருக்கு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே மறுபடி எரிந்தது. எரிகிறதைக் காட்டலாமென்று போனை எடுப்பதற்குள் அணைந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எடுத்துக்கொண்டு போனார். நல்ல பிள்ளையாய் ஓடித் திரும்பியது. வேண்டுமென்றேதான் எனக்கு மட்டும் செய்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது. ஒரு இயந்திரத்தைப் பற்றி இப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் ஷெட். அங்கே விட்டேன். அவர் ஒரு ஸ்கேனரைச் சொருகிப் பார்த்து, "நெறைய எர்ரர் காட்டுது மேடம், அழிச்சு விட்டுட்டேன்" என்றார். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாவது நாள் எல்லாம் வந்துவிட்டன. மறுபடி போனேன். சக்கரத்துப் பக்கம் இருக்கிற சென்சார் போய்விட்டது, மாற்றவேண்டும் என்றார். மாற்றினார். வீட்டு வாசலில் வளைத்துத் திருப்பும்போதே எரிந்தது.

அப்போதுதான் அவர்மேல் சந்தேகம் விழுந்தது. உண்மையிலேயே மாற்றினாரா? திரும்பப் போய், கழற்றிய பழைய சென்சாரைக் காட்டச் சொன்னேன். ஒரு டப்பாவில் கையைவிட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். அந்த டப்பாவில் அதே மாதிரி இன்னும் நாலைந்து கிடந்தன. என்னுடையது எது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியுமா என்று தெரியவில்லை. "நம்பிக்கை இல்லைன்னா வேற எடத்துல காட்டிக்கங்க மேடம்" என்றார். முகம் சுருங்கிவிட்டது.

வேலை செய்யும் இடத்தில் நர்ஸ் ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், நான் புலம்புவதைக் கேட்டுவிட்டுக் கேட்டாள். "அக்கா, வெள்ளத்துல முங்குன வண்டியா இருக்குமோ? மெட்ராஸ்ல முங்குனதக் கழுவித் தொடைச்சு இங்குட்டுக் கொண்டாந்து தள்ளிவிடுறாகளாம். வயருக்குள்ள தண்ணி ஏறிட்டா இப்படித்தான் கண்டபடி எரியுமாம்."

விற்றவருடைய தம்பி சென்னையில் இருக்கிறார். இந்த வண்டி ஒரு மழைக்காலம் முழுக்க அவரிடம் இருந்தது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்தில் வெயிலில் வண்டியைத் திறந்துபோட்டு மூக்கால் துழாவினேன். மிதியடியைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் கைவிட்டு, ஸ்பேர் டயர் பள்ளத்தில் குனிந்து மோந்து பார்த்தேன். பள்ளத்து ஓரத்தில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி, சளி பிடிக்கிற சின்ன டப்பி ஒன்றில் போட்டு உள்ளே கொண்டுபோய் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இத்தனை வருஷ சர்வீஸில் அந்தக் கருவிக்கு அப்படி ஒரு வேலை நான் கொடுத்ததில்லை. சென்னை வண்டலா, நம் ஊர்ச் செம்மண்ணா? மண் மண்ணாகத்தான் தெரிந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "பூச்சி இருக்காக்கா?" என்றாள்.

இதற்குள் இன்னொன்று உறுத்த ஆரம்பித்திருந்தது. விற்றவரின் மனைவியைக் காய்கறிக் கடையிலோ, தெருமுனையிலோ பார்க்கும்போதெல்லாம் அந்த அக்கா முதல் பேச்சாகக் கேட்பது ஒன்றுதான். "வண்டி நல்லா ஓடுதா?" அதைக் கேட்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார். கையிலிருக்கிற பையைப் பார்ப்பார். விற்ற வண்டியைப் பற்றி ஒருத்தர் இத்தனை தடவை கேட்பாரா? வீட்டுக்காரரிடம் சொன்னேன். "என் சினேகிதன் வீட்டையே சந்தேகப்படுறியா? அக்கறையில கேக்குறாக" என்று கோபித்துக்கொண்டார். அவருக்கு என் ஓட்டுதல்மேல் சந்தேகம், எனக்கு அவர் சினேகிதர்மேல் சந்தேகம். நடுவில் வண்டி வாசலில் நின்றது.

வழி பிறந்தது என் வேலையில்தான். ஒரு காலையில் இரத்தம் கொடுத்த எல்லாருக்கும் சர்க்கரை ஏகத்துக்குக் கூடுதலாக வந்தது. களை எடுக்கப் போகிற ஒல்லியான பெண்ணுக்கும் கூடுதல், கர்ப்பிணிக்கும் கூடுதல். என் விரலைக் குத்தி என் இரத்தத்தையே போட்டுப் பார்த்தேன். எனக்கும் கூடுதல். அப்புறம் என்ன, ஊருக்கே ஒரே நாளில் சர்க்கரை வருமா? சோதனைத் திரவத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து போட்டதும் எல்லாம் ஒழுங்காக வந்தது. பெண்களை மறுபடி உட்காரவைத்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. பிரேக், ஸ்டியரிங், காற்றுப்பை எல்லாம் ஒரே நொடியில் எப்படிக் கெட்டுப்போகும்? கெட்டது அவை எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று இருக்கவேண்டும்.

புதுவயலில் அரிசி மில் லாரிகளுக்கு வயரிங் பார்க்கிற ஒரு எலக்ட்ரீஷியன் கார்களும் பார்ப்பார் என்று கேள்விப்பட்டு, விடுமுறை நாளில் தனியாகப் போனேன். தவிட்டுத் தூசி படிந்த கொட்டகை. அவர் வண்டியைப் பார்க்கும் முன்னால் என்னைத்தான் பார்த்தார்.

"இதுல யாரு யாரு கைவச்சாக? சண்டை போட்டுட்டு வந்தீகளா? பாதியில வந்த வண்டின்னா நான் தொடமாட்டேன்."

நடந்ததைச் சொன்னேன். காது கொடுக்காமலே, "சென்சார்தான். டூப்ளிகேட் மாட்டியிருப்பாக" என்றார்.

"அண்ணே, ஒரு சென்சாரு போனா ஒரு லைட்டு எரியணும். எல்லாம் சேந்து எரிஞ்சு எல்லாம் சேந்து அணையுதே, அது எப்படி?"

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "டீச்சரா நீங்க?"

"இல்ல, லேப்புல ரத்தம் பாக்குறேன்."

"சரி, சொல்லுங்க. எப்பல்லாம் எரியுது?"

யோசித்தேன். திருப்பும்போது. மெதுவாகப் போகும்போது. காலையில் குறைவு, வெயில் நேரத்தில் அதிகம். சொல்லச் சொல்ல எனக்கே பிடிபட்டது. வெயில் நேரத்தில் ஏ.சி. போட்டிருப்பேன். என் வீட்டுக்காரருக்கு ஏ.சி. ஒத்துக்கொள்ளாது, தும்மல் வரும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிற ஆள். அதனால்தான் அவருக்கு எரியவே இல்லை!

"ஏறுங்க. ஏ.சி.யப் போடுங்க. ஹெட்லைட்டயும் போடுங்க. நின்ன எடத்துலயே ஸ்டியரிங்க இங்குட்டும் அங்குட்டும் ஒடிங்க" என்றார் அவர். பானட்டைத் திறந்து, கரண்டு அளக்கிற கைமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும், இன்னொரு முனையை வண்டியின் உடம்பிலும் வைத்துக்கொண்டார். நான் ஒடித்தேன். சீரியல் செட் எரிந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக இன்னொருத்தர் கண் முன்னால் எரிந்தது. "எரியுது! வந்து பாருங்கண்ணே, எரியுது!" என்று கத்தினேன். பக்கத்து லாரிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"கத்தாதீக. எர்த்து சரியில்ல. பேட்டரிக்குத் திரும்பிப் போற வழி அடைச்சுக்கிட்டு நிக்குது. லோடு கூடுனா கரண்டு தடுமாறுது, உள்ள இருக்குற கம்ப்யூட்டரு எல்லாம் பயந்து லைட்டப் போடுதுக."

ஒரு தடித்த வயரால் பேட்டரி மைனஸையும் உடம்பையும் நேராக இணைத்தார். வண்டியை அணைத்து மறுபடி போட்டு, எவ்வளவு ஒடித்தாலும் ஒன்றும் எரியவில்லை. வயரை எடுத்ததும் எரிந்தது. மறுபடி இணைக்கச் சொன்னேன், மறுபடி எடுக்கச் சொன்னேன். "நம்ப மாட்டீகளே" என்று முனகிக்கொண்டே செய்தார்.

பிறகு பேட்டரிக்குக் கீழே உடம்போடு முறுக்கியிருந்த எர்த்து வயரின் போல்ட்டைக் கழற்றினார். வளையத்துக்கு அடியில் வெறும் தகடு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைப் பெயின்ட். அதைச் சுற்றி உப்புப் பூத்திருந்தது. அவர் உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க, பெயின்டுக்கு அடியில் இன்னொரு பெயின்ட் வந்தது.

"இது கம்பெனி அடிச்சது இல்ல" என்றார். குனிந்து முன்பக்கம் முழுக்கத் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. "இங்க பட்டி பூசியிருக்கு. முன்னாடி நல்லா அடிவாங்கி, டிங்கர் பண்ணி, எர்த்து எடத்துலயும் சேத்து அடிச்சுவிட்டுட்டாக. உங்களுக்குச் சொல்லலையா?"

சொல்லவில்லை. விளக்குகள் பொய் சொல்லியிருந்தாலும் என் சந்தேகம் பொய் இல்லை என்று ஆகிவிட்டது. திரும்பி வருகிற வழியெல்லாம் ஏ.சி. போட்டு, வேண்டுமென்றே வளைத்து வளைத்து ஓட்டினேன். ஒன்றும் எரியவில்லை. சந்தோஷமும் இல்லை.

வீட்டுக்காரர் கேட்டதும் கொதித்துப்போனார். "ஒன்னா ஒக்காந்து சாப்புட்ட பய, அடிபட்ட வண்டியத் தலையில கட்டிட்டானா?" போனை எடுத்துவிட்டார். நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். "பொறுங்க. அந்த அக்காவ நான் பாத்துட்டு வாரேன். அப்புறம் பேசுங்க."

போனபோது அந்த அக்கா வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கும் முன்பே, "வண்டி நல்லா..." என்று ஆரம்பித்தார்.

"அக்கா, முன்பக்கம் எங்க இடிச்சது?" என்றேன்.

கையிலிருந்த துணிகளை அப்படியே கொடியின்மேல் திரும்பப் போட்டார். உள்ளே வா என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நான்தான்த்தா இடிச்சேன்" என்றார். "அவுக வெளிநாட்டுல இருக்கும்போது, அவுகளுக்குத் தெரியாம ட்ரைவிங் ஸ்கூல்ல சேந்து படிச்சேன். லைசென்சுகூட வாங்கிட்டேன். இந்த வண்டியத் தொடாத, தொடாதன்னு அவுக அத்தன தடவ சொல்லியிருந்தாக. ஒரு நாளு வெளிய எடுக்கயில எங்க வீட்டுக் கேட்டுத் தூணுலயே கொண்டுபோய் விட்டுட்டேன். என் கூடப்பொறந்த தம்பிதான் டிங்கர் கடையில விட்டு, வெளிய தெரியாமச் சரிபண்ணிக் கொடுத்தான். இன்னைக்கு வரைக்கும் அவுகளுக்குத் தெரியாது. நல்ல வண்டின்னு நெனச்சுத்தான் உங்களுக்குக் கொடுத்தாக. நீ அதுல ஏறிப் போறப்பல்லாம் ஒன்னும் ஆகக்கூடாதேன்னுதான் உன்ட்ட அப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

அழுதார். அழுகை நிஜம்தான் என்று தோன்றியது. ஆனால் அத்தனை நாள் சந்தேகப்பட்டுப் பழகிய மனசு உடனே இளகவில்லை. புருஷனைக் காப்பாற்றத் தன்மேல் பழி போட்டுக்கொள்கிறாரோ? வெளியே வரும்போது வாசல் கேட் தூணை நின்று பார்த்தேன். இடுப்புயரத்தில், பழைய காரைக்கு நடுவே, புதுச் சிமெண்ட் பூச்சு. தடவிப் பார்த்தேன். அவர் நான் தடவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது. "யார்ட்டயும் சொல்ல மாட்டேங்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லவேண்டியதாயிற்று, இல்லாவிட்டால் போன் போட்டிருப்பார். கேட்டுவிட்டு, போனை என்னிடமிருந்து வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி விடு. குடும்பத்துக்குள்ள நாம எதுக்கு" என்றார்.

அந்த வருஷம் சினேகிதர் லீவில் வந்தார். எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே, "ஒரு கீறல் விழுகாம வச்சிருந்த வண்டிடா அது" என்றார். பக்கத்தில் அந்த அக்கா டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர், "ஆமாடா, வண்டின்னா அது வண்டி" என்றார்.

சினேகிதர் திரும்பிப் போன பிறகு, அந்த அக்காவே போனில் அவரிடம் உடைத்துச் சொல்லிவிட்டாராம். மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை என்றார் என்னிடம். சினேகிதர் சில நாள் கோபத்தில் அந்த அக்காவோடு பேசவில்லை. அப்புறம் சமாதானமாகி, அடுத்த லீவில் உன் கையால்தான் என்னை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இந்த வண்டியைத்தான் கேட்டிருக்கிறார்கள். தருகிறேன் என்றிருக்கிறேன்.

அந்தச் சமாதானத்துக்கு நடுவில் சினேகிதர் எங்களுக்கும் ஒரு போன் போட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். ஸ்பீக்கரில் அவர் கேட்டது நன்றாகக் கேட்டது. "உண்மையைச் சொல்லு. உனக்கு இது முந்தியே தெரியுமா?"

"அய்யோ, எனக்குத் தெரியாதுடா. இப்ப நீ சொல்லித்தான் தெரியும்" என்றார் என் வீட்டுக்காரர்.

புருஷனுக்கு முன்னால் எங்களிடம் சொன்னது தெரிந்தால் கோபம் மறுபடி அந்த அக்காமேல் திரும்பும், அவரைக் காப்பாற்றத்தான் சொன்னார், நல்ல காரியம்தான். ஆனால் ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு மூச்சு இடைவெளி இல்லை. அத்தனை சுத்தமாக வந்தது அந்தத் 'தெரியாது'. நான் தாளித்துக்கொண்டிருந்ததை இறக்கி வைத்துவிட்டு, கூடத்துக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்தேன். "என்ன?" என்றார். "ஒன்னுமில்ல" என்று வந்துவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் எத்தனை தடவை இதே குரலில் தெரியாது என்று சொல்லியிருக்கிறார் என்பதை மட்டும், அன்று முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தேன்.