இடது கால் கியர்

பின்னேரம் நாலேகாலுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் சூம்பிய என் மகனுக்குத் தம்பலகாமத்தில், என்னைப் போலவே, ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. நெரிசலான பஸ்ஸில் அவனால் ஏற முடியாது. அதனால் ஜப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்றை நானே பார்த்து எடுத்துவந்தேன். இருக்கை தாழ்வாக இருந்தது. அதுவே போதும் என்று நினைத்தேன். கியர் எந்தக் காலுக்கு என்று பார்க்கவில்லை.

ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் இடது காலால் கியர் மாற்ற முடியாமல் வேலியில் போய் முட்டினான். சிறு கீறல்தான்.

"வேலிக்கு ஒண்டும் இல்லையம்மா," என்று சிரித்தான். "சந்தையில கடை வச்சிருக்கிற கிண்ணியா முஸ்லிம் காக்காவிட்ட பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் நிக்குது. அதில கியர் வலது காலுக்கு. இடது காலுக்கு வாற பிரேக்கை விட்டிட்டு, முன் பிரேக்கைக் கையால பிடிப்பன்."

"ஏலாது!" என்றேன். அவன் போய்விட்டான்.

பொழுது படும்போது வாசலில் பெரும் சத்தம். மகன் ஓட்டிவந்தான், பின்னால் இடுப்புச் சாரத்தை இறுக்கிப் பிடித்தபடி அந்தக் கடைக்காரர்.

"டீச்சர், ஒரு சுத்துச் சுத்திப் பாக்கத்தான் குடுத்தனான்," என்றார் அவர் என்னிடம். "இப்ப உங்கட மகன் இறங்கமாட்டன் எண்டு நிக்கிறார். இது இல்லாம நான் என்னண்டு வீட்ட போறது?"