செங்கம் ரோட்டுத் தெருவில் ஒரு டென்மார்க் சாவு

செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டி உள்ளே பிரியும் தெருக்களில் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்த இடம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போட்ட கொல்லை. இப்போது கார்த்திகை தீபம் முடிந்து மாசி வரைக்கும் வந்து பார்த்தால், மாடுகளைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடிந்தால், ஐரோப்பாவின் ஏதோ ஒரு மூலை என்றே நினைத்துக்கொள்ளலாம். பங்குனி வெயில் தலைகாட்டியதும் வெள்ளைக்காரர்கள் ஞானத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். கோடை விடுமுறைக்கு ஆந்திராவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். சென்னையில் ரிட்டயர்டு ஆகி, நிம்மதி தேடி வந்து வீடு கட்டியவர்கள் வருஷம் முழுக்க இருந்து, நிம்மதி இல்லை என்று வருஷம் முழுக்கப் புகார் சொல்வார்கள். இவர்களுக்கெல்லாம் வாடகைக்கு விட மாடி கட்டியவர்கள் நாங்கள். பூர்வீகம் கீழ்பென்னாத்தூர் பக்கம் என்பதால் தெருவில் எங்களுக்கு ‘லோக்கல்’ என்று பெயர். அதை மரியாதையாகத்தான் சொல்கிறார்களா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அப்பா அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் இங்கிலீஷ் பேசுவது என் பொறுப்பு. எங்கள் மாடியில் டென்மார்க்கிலிருந்து வந்த ஒருவர் வாடகைக்கு இருந்தார். சில வாரம் தங்கிப் போக வந்தவர், பல வருஷமாகியும் போகவில்லை. விசா முடியும்போது எங்கேயோ போய்விட்டு, ஊருக்குப் போன மருமகன் மாதிரி திரும்ப வந்து நிற்பார். நரைத்த தாடியும் காவி வேட்டியுமாக இருந்ததால் தெருவில் அவரை எல்லோரும் ‘டென்மார்க் சாமி’ என்றார்கள். சிலர் காலில்கூட விழுந்தார்கள். அவர் ஒருநாள் என்னிடம் உண்மையைச் சொன்னார். அவர் ஊரில் பஸ் டிரைவராம். குளிர் ஆகாது. தியானத்தில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கும். காவி வேட்டி, அழுக்கு தெரியாது என்பதற்காக.

இது அப்பாவுக்குத் தெரிந்த நாளிலிருந்து இருவரும் பிரிந்ததே இல்லை. சாயங்காலம் ஆனால் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, செங்கம் ரோட்டில் போகும் பஸ்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரு பஸ் வளைவில் வேகமாகத் திரும்பினால் இருவரும் ஒரே நேரத்தில் “ச்சு” என்பார்கள். அதற்கு மேல் என்ன பேச வேண்டியிருக்கிறது?

போன வருஷம் தை மாதத்தில் ஒரு காலை, அவர் காபிக்கு இறங்கி வரவில்லை. அம்மா மேலே போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். டென்மார்க்காரர் தூக்கத்திலேயே போயிருந்தார். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். வெளிநாட்டுக்காரர் என்பதால் போலீசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. உடல் அரசு மருத்துவமனைப் பிணவறைக்குப் போயிற்று. ஸ்டேஷனில் இருந்த எஸ்.ஐ. அப்பாவைக் கேட்டார்: “அவரு உங்களுக்கு இன்னா வேணும்?”

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அவரும் டிரைவருங்க.”

டென்மார்க்கில் இருந்த இறந்தவரின் மகளுக்கு நான்தான் போன் பண்ணினேன். உடலைக் கொண்டுபோகப் போவதில்லை, தான் வருவதாகவும் இங்கேயே எரித்துவிடலாம் என்றும் சொன்னாள். தூதரகமும் சரி என்றது.

அவள் வந்து சேர்வதற்குள் எங்கள் தெரு இரண்டுபட்டது. இரண்டு என்று சொல்வதுகூடத் தப்பு. எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு கூட்டம் கூடியது. முதலில் எதிர்வீட்டு பேங்க் சார் ஆரம்பித்தார். சென்னையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“இவர் சாதாரண ஆத்மா இல்ல. இந்த மலையடியில உயிர் போறதுன்னா சும்மாவா? எரிக்கக் கூடாது. உக்கார வெச்சு சமாதி பண்ணணும். மேல சின்னதா ஒரு லிங்கம் வெச்சா போதும்.”

“எங்க வெக்கிறது சார், எங்க மாடியிலயா?” என்றார் அப்பா.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா, ஒருநாள் முழுக்க பஜனை பண்ணலாம், ஆர்மோனியம் தன்னிடமே இருக்கிறது என்றார். அப்பா ஆட்டோ ஸ்டாண்டு ஆட்களையும் ஊர்ச் சொந்தக்காரர்களையும் ஏற்கெனவே வரச் சொல்லியிருந்தார். “சாவு மோளம் வெச்சு, பூப்பல்லாக்குல எடுத்துனு போறோம். மோளம் இல்லாம தூக்க அவரு இன்னா அநாதையா?” என்றார்.

வெளிநாட்டு நண்பர்கள் சிலர் ஓரமாக வெள்ளை உடையில் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி, ‘நான் மௌனத்தில் இருக்கிறேன்’ என்று எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு பல மாதங்களாகத் தெருவில் நடமாடுபவர். காய்கறி வண்டிக்காரரிடம்கூட விரலைக் காட்டித்தான் வாங்குவார். அப்பா மோளம் என்று சொல்லி, கையால் அடித்தும் காட்டியதும், அவர் முகம் சிவந்தது.

“நோ டிரம்ஸ்!” என்று கத்தினார்.

தெருவே திரும்பிப் பார்த்தது. அம்மா வாயில் கைவைத்துக்கொண்டாள். “அய்யோ, இந்தம்மாவுக்குப் பேச வருது! ஊமைனு நெனச்சு நான் கோயில்ல வேண்டிகினு வந்தனே.”

வேண்டுதல் பலித்தது போலத்தான். அதன்பின் அந்தப் பெண்மணியை நிறுத்த முடியவில்லை. மௌனத்தின் மேன்மை பற்றி வெகுநேரம் பேசினார். முடிவு எதுவும் எடுக்காமல் கூட்டம் கலைந்தது.

மகளை அழைத்துவர நான் சென்னை விமான நிலையத்துக்குப் போனேன். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். வாட்டசாட்டமான உடம்பு, கட்டை முடி. அவள் ஊரில் டயர் கடையில் வேலை செய்கிறாளாம். திண்டிவனம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, “அவர் அங்கே சாமியாராகிவிட்டாரா?” என்று கேட்டாள்.

“இல்லை. எங்கள் அப்பாவோடு பஸ் பார்த்துக்கொண்டிருந்தார்” என்றேன்.

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “பஸ் அங்கேயும் இருந்ததே” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கட்சியும் அவளிடம் வந்து தன் நியாயத்தைச் சொல்லிற்று. நான் மொழிபெயர்த்தேன். அவள் கறிக்குழம்பு ஊற்றிச் சோற்றைச் சாப்பிட்டபடியே கேட்டாள். பேங்க் சாருக்கு அதுவே அதிர்ச்சி. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபின், காலையில் மௌனமாக உட்காரலாம், மதியத்துக்கு மேல் மேளம் அடிக்கலாம் என்றாள். பஜனையை இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளட்டும். சமாதி வேண்டாம். டயர் கடையில் வாடிக்கையாளர்களைச் சமாளித்துப் பழகியவள் என்பது தெரிந்தது.

மறுநாள் காலை உடலைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தோம். மௌனம் தொடங்கியது. எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். உடனே, ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று தெருவுக்குள் நுழைந்து, பழைய இரும்புக்கும் உடைந்த பிளாஸ்டிக்குக்கும் பேரீச்சம்பழம் தருவதாக அறிவித்தது. ஆட்டோக்காரர் ஒருவர் ஓடிப்போய் அதை நிறுத்தினார். பேங்க் சாரின் போன் முழு வால்யூமில் சுப்ரபாதம் பாடியது. அது எந்தப் பையில் இருக்கிறது என்பது அவருக்கே தெரியவில்லை. மௌனம் முடிந்தபோது எல்லோருக்கும் காது வலித்தது. பஜனைக்கு ஆர்மோனியத்தில் ஒரு கட்டை வேலை செய்யவில்லை என்றாலும் தெலுங்கு அம்மா நன்றாகவே பாடினார்.

மதியம் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் என் அத்தைமார் வந்து இறங்கினார்கள். அவர்களில் பலர் டென்மார்க்காரரைப் பார்த்ததே இல்லை. அது ஒரு தடையாகப் படவில்லை. மகளைக் கண்டதும் இழுத்து நடுவில் உட்காரவைத்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவள் விறைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

“என்ன பாடுகிறார்கள்?”

“சொல்லாமல் போய்விட்டாயே, சாப்பிடாமல் போய்விட்டாயே என்று உங்கள் அப்பாவைத் திட்டுகிறார்கள்.”

“திட்டலாமா?”

“அதற்காகத்தான் இது.”

அவள் பெட்டியின் பக்கம் திரும்பினாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள். அவருடைய பேரனை அவர் பார்த்ததே இல்லை என்று சொல். பனி கொட்டிய குளிர்காலத்தில் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வந்தார் என்று சொல். வாசல் பனியை நானும் அம்மாவும்தான் வாரிக் கொட்டினோம் என்று சொல். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, உங்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று மட்டும் சொல்லுவார், நான் சாப்பிட்டேனா என்று கேட்டதில்லை என்று சொல்.

நான் சொன்னேன். மூத்த அத்தை மூக்கைச் சிந்திவிட்டு, ஒரு நொடிகூட யோசிக்காமல் ராகத்தில் எடுத்தாள்.

“பனிக்கட்டிய வாரச் சொல்லி, எங்கய்யாவே,
பச்சப் புள்ளைய வுட்டு வந்தியே...
போன்ல கொழம்பச் சொன்ன மவராசா,
பொண்ணு சோறு தின்னாளான்னு கேட்டியா...”

மகளுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் தன் குற்றச்சாட்டுகள் வரிசையாக அதே இடத்தில் போய் விழுவது தெரிந்தது. முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வாய்விட்டு, எங்கள் ஊர்ப் பெண்களைத் தோற்கடிக்கும் குரலில் அழுதாள். அதே சமயத்தில் தெருவில் மோளம் முழங்கியது. ஜெர்மன் பெண்மணி காதைப் பொத்திக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டு ஜன்னலே ஆடியது.

எடுக்கும் நேரத்தில் பெரியப்பா, “பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்ற வழக்கம் இல்லம்மா” என்றார். நான் அதை மொழிபெயர்த்தேன். அவள் “ஓகே” என்று சொல்லிவிட்டு அமரர் ஊர்தியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எப்படி என்று நானும் ஏறிக்கொண்டேன். அப்பா வண்டி டிரைவரிடம் போய், “கொஞ்சம் எறங்குப்பா, நான் ஓட்றேன்” என்றார். அந்த ஆள் மறுக்கப் பார்த்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சாவியைக் கொடுத்தார். அப்பா தேர் போவது போல வண்டியை ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார். சுடுகாட்டில் இறங்கியதும், “கிளட்ச் போச்சு. பாக்கச் சொல்லணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் அவரைக் கூப்பிடவில்லை.

மகள் ஒரு வாரம் மாடியிலேயே இருந்தாள். எங்கள் அப்பாவின் ஸ்கூட்டர் டயரைத் தடவிப் பார்த்துத் திட்டிவிட்டு, புதிது வாங்கித் தானே மாட்டினாள். மலையைச் சுற்ற வருகிறாயா என்று தெலுங்கு அம்மா கேட்டதற்கு, நடக்கத் தனக்குப் பிடிக்காது என்றாள். கிளம்பும் நாளில் மூத்த அத்தை வந்து புடவை வைத்துக் கொடுத்தாள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது. எங்கள் வீட்டுச் சமையலைப் பற்றி அவள் கேட்பதில்லை. அம்மாதான் அவளிடம், “சாப்ட்டியாடி?” என்று தமிழிலேயே கேட்கிறாள்.

பேங்க் சார் சில மாதம் எங்களோடு பேசவில்லை. பிறகு அவர் வீட்டு மோட்டார் ரிப்பேர் ஆனபோது பேசினார்.

மாடிக்கு அடுத்து ஆள் பார்க்கத் தொடங்கினோம். கார்த்திகையில் ஒரு ரஷ்யக்காரர் வந்தார். சின்ன வயது, தோளில் புல்லாங்குழல். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “மொதல்ல இவங்க வூட்டு போன் நம்பரை வாங்கு. அப்புறம் கேளு, செத்தா எரிக்கணுமா, பொதைக்கணுமா, மோளம் வெக்கலாமா?”

அவர் ஆவலாக என் முகத்தைப் பார்த்தார்.

“காரம் சாப்பிடுவீர்களா என்று கேட்கிறார்கள்” என்றேன்.