கண்ணாடியின் மேடுகள்

கண்ணாடித் தொழிற்சாலையின் சோதனை அறையில் அவளுக்குப் பதினோரு வருடச் சர்வீஸ். என்ன வேலை என்று உறவுக்காரர்களுக்கு விளங்க வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். ரப்பர் பட்டையைக் கண்ணாடியில் அழுத்தினால் எவ்வளவு எடையைப் பிடித்துக்கொள்ளும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "இதுக்கு ஒரு சம்பளமா?" என்பார் மாமியார். "ஆமா அத்தே, அதுவும் மாசா மாசம்" என்பாள் இவள்.

வழவழவென்று தெரியும் கண்ணாடிகூடக் கருவியில் வைத்துப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். ரப்பர் மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். மற்ற இடமெல்லாம் சும்மா பேருக்கு. எத்தனை மேடு, எவ்வளவு கூர்மை என்பதைப் பொறுத்துத்தான் பிடிமானம்; கூர்மை கூடினால் பிடி குறையும்.

புதிதாக வந்த சொரசொரப்பான கண்ணாடிக்கும் அவளே கணக்குப் போட்டாள். கருவி தந்த படத்தில் ஊசி ஊசியாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. கருவியின் நடுக்கம் என்று நினைத்து, வழக்கம்போல் அவற்றைப் படத்திலிருந்து மழித்துவிட்டாள். எண்பது கிலோ தாங்கும் என்று கையெழுத்தும் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, அதே கண்ணாடியை வேறொரு கருவியில் அளந்த படம் மேசைக்கு வந்தது. அதிலும் அதே இடங்களில் அதே ஊசிகள். இரண்டு கருவிகள் சொல்லி வைத்துக்கொண்டு ஒரே மாதிரி நடுங்காது. ஊசிகளைச் சேர்த்துப் போட்டால் கணக்கு நாற்பதைத் தாண்டவில்லை. கீழே அந்தக் கண்ணாடியில் செய்த ஐம்பது கிலோ பலகையை ரப்பர் பட்டைகளால் பிடித்து அன்றுதான் முதல்முறையாகத் தூக்குகிறார்கள். கூடவே நின்று கைகாட்டுகிறவன் அவள் தம்பி. அவனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

விழுந்தடித்துப் படியிறங்கினாள். பலகை தம்பியின் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"அவனை வெளிய வரச் சொல்லுங்க! அதை இறக்குங்க! என் கணக்கு தப்பு!"

"ரிப்போர்ட்ல உங்க கையெழுத்து இருக்கேம்மா?" என்றார் மானேஜர்.

"இருக்கு சார். அதுவும் தப்புதான்."

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. "எல்லார் முன்னாடியும் மானத்த வாங்காதக்கா" என்று முணுமுணுத்தபடி விலகி வந்தான்.

பலகையை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, கீழே மெத்தைகளைப் பரப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாவது நிமிடம் ஒரு பட்டையின் ஓரம் மெல்லப் பிரிந்தது. அப்புறம் எல்லாம் ஒரே நொடிதான். மெத்தையில் விழுந்தும் பலகையின் ஒரு மூலை சிதறிப்போயிற்று.

தம்பி அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நீ போட்ட கணக்குன்னு, நான் நிமிந்துகூடப் பாக்கலக்கா" என்றான்.