மங்கில் நிற்கும் மழை

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

இன்று காலை ஈப்போ பேருந்தில் நம் ரப்பர் தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பெரிய மருத்துவமனையில் கிடக்கும் என் தங்கை மகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். சாதாக் காய்ச்சல் என்று இரண்டு முறை மாத்திரை கொடுத்து அவளைத் திருப்பி அனுப்பியவர் இவர்தான். அங்கே டெங்கி என்றார்கள். அவள் இன்னும் கண் திறக்கவில்லை.

"மழ மாறிப் போச்சுலா அண்ணே. நா என்னா செய்ய?" என்றார்.

மழை மாறியது உண்மைதான். முன்பு மத்தியானத்துக்கு மேல் பெய்யும். இப்போது விடியும்போதே, பால் வெட்டும் நேரத்தில் கொட்டுகிறது. நாள்கணக்கில் பால்வெட்டு இல்லை. பால் பிடிக்கும் மங்குகளில் தண்ணீர் நின்று கொசுப்புழு நெளிகிறது. கவிழ்த்து வைக்கச் சொல்ல ஆளில்லை.

"கொசுவுக்கு மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"அடிச்சாச்சே! போன வாரமே பங்களாவுக்குப் புகை போட்டாச்சு."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். அங்கே சுண்ணாம்புக் குன்றைத் தவிர ஒன்றுமில்லை.

சாதாக் காய்ச்சல் என்றால் மேனேஜர் பங்களாவுக்கு மட்டும் எதற்குப் புகை?

இதைக் கடைச் சுவரில் ஒட்டுகிறேன். பெயர் போடவில்லை, போட்டால் மழைக்கும் நான்தான் காரணம் என்பார்கள். உங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று கீழே எழுதுங்கள். நீங்களும் பெயர் போட வேண்டாம்.