வியட்நாம் காபியை ஆற்றியபோது

போன வருடம் மே மாதம், ஹூஸ்டனில், ஒரு மழை நாள் மதியம் நடந்தது இது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு வந்த ஒரு வைரஸ் காய்ச்சல் என் மூக்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. ஊதுவத்தி, பெருங்காயம், அடிப்பிடித்த பால், எந்த வாசனையும் தெரியாது. "திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். நல்லா இருக்கே கதை, இதைச் சொல்ல ஒரு டாக்டரா என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் கத்தினேன்.

சாம்பார் மணக்காவிட்டால் போகிறது. என் நான்கு வயது மகள் குளித்துவிட்டு ஓடிவந்து, "அம்மா, ஸ்மெல் மீ!" என்று தலையை நீட்டுவாள். அந்தக் குட்டித் தலையின் வாசம் எனக்கு உயிர். "சூப்பர்டா செல்லம்" என்று பொய் சொல்லிவிட்டு, பாத்ரூமுக்குள் போய் அழுவேன். இனி அந்த வாசம் எனக்குக் கிடைக்கவே கிடைக்காதோ என்ற பயம்தான்.

அன்று ஹில்கிராஃப்ட் தெருவில் இருக்கும் இந்தியக் கடையில் காய்கறி வாங்கிவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் ஃப்ரீவேயில் ஏறப் பயந்து, ஒரு சின்ன வியட்நாம் காபிக் கடை வாசலில் காரை நிறுத்தினேன். கடைக்குள் போய்ச் சும்மா உட்கார முடியுமா? சூடாக ஒரு காபி கேட்டேன்.

கடைக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணாடித் தம்ளர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அடியில் கொஞ்சம் கண்டென்ஸ்டு மில்க், மேலே தொப்பி மாதிரி ஒரு குட்டி ஃபில்டர். நம்ம ஃபில்டருக்கு ஒன்றுவிட்ட தங்கை! டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கியது. வெளியே கண்ணாடியில் மழை வழிந்தது. உள்ளே வெள்ளையின் மேல் கறுப்பு மெல்ல மெல்ல உயர்ந்தது. ஃபோனைக்கூட எடுக்கத் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேனோ, தூக்கமா விழிப்பா என்றே தெரியவில்லை.

ஸ்பூனால் கலக்கிக் குடிக்க வேண்டிய காபி அது. நானோ அந்த மயக்கத்திலேயே, தண்ணீருக்கு வைத்திருந்த காலித் தம்ளரைக் கையில் எடுத்தேன். கை தானாக மேலே போனது. முழ உயரத்திலிருந்து ஆற்ற ஆரம்பித்துவிட்டேன்! கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயோ, மானம் போச்சே என்று கையை இறக்கினேன். நுரை பொங்கி, ஆவி முகத்தில் அடித்தது.

வெண்ணெய் லேசாகக் கருகியது போல, சாக்லேட் போல ஏதோ ஒன்று மூக்கின் ஆழத்தைத் தொட்டது. பிரமையோ என்று பயந்து மறுபடி ஆற்றினேன். மறுபடியும் வந்தது. ஒரு வாய் குடித்தேன். அடேயப்பா, என்ன கெட்டி! கசப்பு முதலில் வந்தது, அதன் பின்னாலேயே இனிப்பு நிதானமாக நடந்து வந்தது. நம்ம காபி காதைத் திருகி எழுப்பும். இது மடியில் போட்டுத் தட்டிக் கொடுத்தது. எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

கையைச் சுட்டுக்கொண்டேன் என்று நினைத்து அந்தப் பெண் ஐஸோடு ஓடி வந்தாள். மூக்கைத் தொட்டுக் காட்டி, ஆங்கிலமும் தமிழுமாக உளறி, விஷயத்தைச் சொன்னேன். புரிந்ததும் அவள் சமையலறைக்குள் ஓடி ஒரு பாட்டிலை எடுத்து வந்து, மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மீன் சாஸ்! சுத்த சைவமான நான், குடலைப் புரட்டும் அந்த நாற்றத்தை ஆஹா, ஆஹா என்று இழுத்து இழுத்து முகர்ந்தேன்.

"குட் நோஸ்! வெரி குட் நோஸ்!" என்று கைகொட்டிச் சிரித்தாள் அவள்.

மழை விட்டதும் நேராக டேகேருக்குப் போனேன். மகளைத் தூக்கி உச்சந்தலையில் மூக்கைப் புதைத்தேன். வியர்வை, க்ரேயான், காலையில் தடவிய தேங்காயெண்ணெய்.

"அம்மா, ஸ்டாப்! ஐ ஆம் ஸ்டிங்கி!"

"ஆமாண்டி தங்கம், நல்லா நாறுற!" என்றேன். அவள் தலையைப் பற்றிப் பல மாதங்களுக்குப் பிறகு நான் சொன்ன முதல் உண்மை அது.

இப்போதும் அந்தக் கடைக்குப் போனால், நான் கேட்காமலே காபியோடு ஒரு காலித் தம்ளரும் வந்துவிடுகிறது. ஆற்றும்போது ஆவி முகத்தில் பட்டால் போதும், அந்தக் குட்டித் தலைதான் நினைவுக்கு வருகிறது, கண்ணும் கலங்கிவிடுகிறது.